ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை

நேசமலர் என்ற பேர் முதன்முதலில் காதில் விழுந்தது ஹம் நகரத்தில், ஒரு கலியாண மண்டபத்தில். மாப்பிள்ளை, கரவெட்டிச் சிவகுருநாதனின் கடைசி மகன். அவனுக்குச் சித்தப்பா முறையான தபோதரன் பட்டு வேட்டி சால்வையோடு தனியே வந்து நின்றார்.

"மனுசி எங்க தம்பி?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டா.

"நேசமலருக்கு வர ஏலாது அக்கா. சனி ஞாயிறிலதான் பிளேன் எல்லாம் வந்து இறங்கும்."

"அப்ப உன்ர மனுசியோ கையைக் காட்டி இறக்கிறவ?"

பந்தி முழுக்கச் சிரித்தது. தபோதரனும் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பாயாசம் வாங்கிக் குடித்தார். அந்த நேரம் நேசமலர் இருநூறு கிலோமீற்றர் தள்ளி, ஒரு புல்வெளி விமானத் திடலின் ஓரத்தில், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நேசமலர் கோண்டாவில் ஆள். ஆறு பிள்ளைகளில் மூத்தவள். விமானச் சத்தம் கேட்டால் தம்பி தங்கச்சிமாரை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்கின பிள்ளை. தொண்ணூற்றிரண்டில் ஜேர்மனிக்கு வந்து தபோதரனைக் கட்டினாள். தபோதரனுக்குக் கார் ரயர் தொழிற்சாலையில் வேலை. அப்படிப்பட்டவள் கடைசியில் விமானம் இறங்குகிற திடலிலேயே குந்தியிருக்க வந்தது தலைவிதி என்று சொல்லுவார்கள். விதியைவிட அதில் தபோதரனின் கைதான் கூட.

விமானக் கழகத்துக்காரருக்குக் கன்ரீன் நடத்த ஆள் வேண்டியிருந்தது. தபோதரனுக்கு முதலாளி என்று பேர் எடுக்க ஆசை. ஆனால் தொழிற்சாலைக்காரர் வேறு தொழில் செய்ய விடமாட்டார்கள். ஆகவே ஒப்பந்தம் நேசமலரின் பேரில் எழுதப்பட்டது. இரண்டாயிரத்து ஏழு நொவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. சுவரில் ஊரிலிருந்து வந்த கலண்டர். அவள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, ராகு காலமெல்லே" என்று மெதுவாகச் சொன்னாள்.

"வெள்ளைக்காரருக்கு ராகுவோ கேதுவோ? வை கையெழுத்தை."

வைத்தாள். ஜனவரியில் தொடங்கி மூன்று வருட ஒப்பந்தம். முடிகிற வருடம் ஓகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் எழுத்தில் விலகல் சொல்லாவிட்டால், தன்பாட்டில் இன்னும் மூன்று வருடம் ஓடும். அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் தலைவர் கையில் கொடுத்து அவர் கையெழுத்து வைக்கவேண்டும். சனி ஞாயிறு கன்ரீன் பூட்டக்கூடாது.

தமிழ்ச் சனத்தின் கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவருக்கு எட்டுச் செலவு எல்லாம் இந்த நாட்டில் சனி ஞாயிறில்தான். தன் சொந்தத் தங்கச்சி சுலோஜனாவின் கலியாணத்துக்கும் நேசமலர் போகவில்லை. எல்லாவற்றுக்கும் தபோதரன்தான் போனார். போய், சாப்பிட்டு, படத்துக்கு நின்று, "அவ சரியான பிசி" என்று சொல்லிவிட்டு வருவார்.

ஒப்பந்தம் ஐந்து தரம் தன்பாட்டில் ஓடியது. ஒரு தரம் அவளுக்குத் தேதி தெரியாது. ஒரு தரம் கழகத் தலைவர் கோல்ப் என்பவர் தன் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்லுவது? மற்றத் தரங்களிலும் இப்படி ஏதோ ஒன்று. கோல்ப் நல்ல மனிசன். வீட்டுக்காரன் தமிழருக்கு வாடகைக்குக் கொடுக்க மறுத்தபோது தானே வந்து பிணை நின்றவர். அவருக்குத் தபாலில் விலகல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. உப்புத் தின்ற வீட்டுக்கு முகம் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றாள்.

போன வருடம் பழையபடி தவணை வந்தது. பான் நகரத்தில் இருக்கிற தம்பி இளங்கீரன் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். ஜனவரியில் தொடக்கம். திங்கள் தொடங்கி வெள்ளி வரை.

"அக்கா, சனி ஞாயிறு லீவு. விளங்குதோ? சனி ஞாயிறு."

"ஓம் ஓம், காது கேக்குது."

விலகல் கடிதத்தை அவனே ரைப் பண்ணிக் கொடுத்தான். அதை மடித்து, சமையல் சட்டையின் உள்பொக்கற்றில் வைத்துக்கொண்டு மூன்று கிழமை திரிந்தாள். கோல்ப்பும் அந்த மூன்று கிழமையும் விடுமுறைக்குப் போய்விட்டார். வந்தது ஓகஸ்ட் முப்பதாம் தேதி, பழைய விமானங்கள் கூடுகிற சனி ஞாயிறுக்கு.

அந்தக் கூட்டம்தான் வருடத்தில் பெரியது. ஒல்லாந்து, பெல்ஜியம், செக் நாட்டிலிருந்தெல்லாம் எழுபது எண்பது வயது விமானங்கள் பறந்து வரும். இரண்டு அடுக்குச் சிறகோடு இரட்டைச் செட்டைக்காரர், துணி போர்த்த உடம்புக்காரர், மஞ்சள், சிவப்பு. ஓட்டிகள் செட்டைக்குக் கீழே கூடாரம் அடித்துப் படுப்பார்கள். சனம் பிள்ளை குட்டியோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும். நேசமலரின் சமையலறை யன்னல் தாழ்வானது. அதால் பார்த்தால் சக்கரங்கள் ஓடிவந்து நிற்பது தெரியும். மேலே எழும்புவது தெரியாது. பதினேழு வருடமாக அவள் கண்டது சக்கரம்தான்.

சனிக்கிழமை காலமை தொடங்கி கோல்ப் அவளுடைய யன்னலடியில்தான். அவருக்கு அவளின் ஆட்டிறைச்சி றோல்ஸ் என்றால் உயிர். கூட்டத்து நோட்டீசிலேயே விமானங்களின் பேருக்குக் கீழே றோல்ஸ் என்று அச்சடித்திருந்தார்கள். "நேசா, பிராகிலிருந்து ஒருத்தன் இதுக்காகவே பறந்து வந்திருக்கிறான்" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னார். அவளின் கை பொக்கற்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. சாப்பிடுகிற ஆளிடம் விலகுகிற பேச்சுப் பேசினால் அந்தச் சோறு அவருக்கு உடம்பில் ஒட்டாது. அவர் தின்று முடிக்கட்டும் என்று நின்றாள். முடிய, அடுத்த தட்டோடு வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஞாயிறும் மத்தியானம் வரை அதே கதைதான். நாலேகாலுக்குப் பிறகு சனம் குறைந்தது. கோல்ப் வெளியே மர வாங்கில் தனியே இருந்து ஏதோ கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். கையில் தட்டு இல்லை. நேசமலர் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தாள்.

வாசலில் தபோதரன். விமானம் நிறுத்த இடம் காட்டுகிறவர்கள் போடுகிற மஞ்சள் மேற்சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"எங்க போறாய்?"

"குடுக்கப் போறன். இண்டைக்கு விட்டால் மூண்டு வரியம்."

அவர் கண்ணாடியை உயர்த்திக் கன்ரீன் சுவரில் தொங்கிய ஊர்க் கலண்டரையும் மணிக்கூட்டையும் பார்த்தார். "நாலு இருபத்தெட்டு. அங்க போய்ச் சேர, வணக்கம் சொல்ல, நாலரை தாண்டியிடும். ராகு காலத்தில கையெழுத்து வைச்சுத்தானே உள்ளுக்க வந்தனாங்கள் எண்டு பதினெட்டு வரியமாய் என்னைத் தின்னிறாய். இப்ப வெளிய போறதும் ராகு காலத்திலயோ?"

அவளின் கால் நின்றுவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். அவர் சொன்னது அவளுடைய சொந்தப் பேச்சு.

"ஆறு மணிக்குக் குடன் அப்பா. ஆள் எங்க ஓடப் போறார்?" என்றார் தபோதரன்.

திரும்பி உள்ளே வந்து சட்டி கழுவினாள். ஐந்து. ஐந்தேகால். கை தாச்சியைத் தேய்த்தாலும் கண் கலண்டரையும் மணிக்கூட்டையும் விட்டு விலகவில்லை. ஐந்து நாற்பதுக்கு ஒரு பெரிய இரட்டைச் செட்டை விமானம் இயந்திரத்தைக் கிளப்பியது. கண்ணாடிக் கிளாஸ்கள் எல்லாம் நடுங்கின. ஒலிபெருக்கியில் ஒருவர் சொன்னார்: எங்கள் தலைவர் கோல்ப் செக் நண்பர்களோடு ஒரு கிழமைக்குப் போகிறார், கைதட்டி அனுப்புங்கள்.

யன்னலால் பார்த்தாள். சக்கரம் அசைந்தது.

ஈரக் கையோடு ஓடினாள். கயிற்றடியில் காவலுக்கு நின்றவர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "விசிறி சுத்தேக்க ஒருத்தரும் தாண்டக்கூடாது!"

"ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினாள். விமானத்தின் சின்னக் கண்ணாடிக்குள் கோல்ப்பின் முகம் தெரிந்தது. அவர் அவளைக் கண்டார். கண்டு, மலர்ந்து, சிரித்து, திருப்பிக் கை ஆட்டினார். பதினேழு வருடத்தில் முதல்தரம் ஒரு விமானம் நிலத்தை விட்டு எழும்புவதை நேசமலர் முழுசாகப் பார்த்தாள்.

கழகத்தின் பொருளாளராக இருந்த அம்மாவிடம் ஓடினாள். அவ கடிதத்தை வாசித்துவிட்டு, "தலைவர் மட்டும்தான் வைக்கலாம், நான் வைச்சால் செல்லாது" என்று தோளைத் தடவினா.

அன்று கன்ரீனைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இளங்கீரனுக்குப் போன் அடித்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் முதலில் கேட்டது கலண்டரைப் பற்றித்தான்.

"அக்கா, உந்தக் கலண்டர் எங்கத்தையான்?"

"யாழ்ப்பாணத்தான். வேற எங்கத்தையான்?"

"ராகு காலம் அந்தந்த இடத்துச் சூரியனுக்கெல்லே அக்கா, ஞாயிறில பகலின்ர கடைசி எட்டிலொரு பங்கு. இண்டைக்கு இஞ்ச சூரியன் இறங்கிப் படுறது எட்டேகாலுக்கு. இஞ்சத்தை ராகு காலம் ஆறரைக்குப் பிறகுதான்."

"அப்ப நாலரைக்குக் குடுத்திருக்கலாமோ?"

"ஓம்."

"ஐஞ்சரைக்கும்?"

"ஓம் அக்கா."

அவள் அடுத்ததைக் கேட்கப் பயந்து பயந்து கேட்டாள். "அப்ப அந்த முதல் கையெழுத்து? நொவம்பரில, ஐஞ்சு மணிக்கு?"

"நொவம்பரில இஞ்ச ஐஞ்சுக்கு முதலே இருண்டு போடும். அது ராகு காலமே இல்லை."

பதினெட்டு வருடமாக அவள் ராகுவைத் திட்டினாள். இப்போது திட்ட அவனும் இல்லை. எதிர்க் கதிரையில் தபோதரன் மஞ்சள் சட்டையைக் கழற்றாமல் குனிந்துகொண்டிருந்தார்.

"உவன் என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. சூரியன் எட்டேகாலுக்குத்தான் படுமாம்."

ஒரு கிழமை கழித்து கோல்ப் வந்தார். கடிதத்தை வாசித்து முகம் வாடினார். "இதைத்தான் ஆட்டினாய் என்று தெரிந்திருந்தால் விமானத்தை நிறுத்தியிருப்பேனே" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நிர்வாகத்தில் கேட்டுப் பார்த்தார். தவணை தவணைதான் என்று சொல்லிவிட்டார்கள். பான் வேலையை வேறொரு பெண் எடுத்துக்கொண்டாள்.

தபோதரன் இப்போது கலியாணங்களுக்குப் போவதில்லை. கேட்டால் முழங்கால் நோ என்கிறார். சனி ஞாயிறில் உருளைக்கிழங்கு சீவிக் கொடுக்கிறார். நேசமலர் அதே விமானத் திடலின் கன்ரீனில் இருக்கிறாள். ஒப்பந்தம் இரண்டாயிரத்து இருபத்தெட்டு டிசெம்பர் வரை.