படகில் நான்கு வாழைப்பழம்

படகில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, எங்கள் மகள், மனைவியின் தம்பி, படகை ஓட்டிய வெள்ளைத் தாடிக்காரர். லைஃப் ஜாக்கெட்டுகளை மூன்று முறை எண்ணியவன் நான், அதனால் இந்தக் கணக்கில் தவறு இருக்காது.

அலாஸ்கா மகளின் ஆசை. பள்ளி முடித்ததற்கு, நாங்கள் இருக்கும் ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரில் பார்ட்டி எதுவும் வேண்டாம், ஒரு திமிங்கலத்தைப் பார்த்தால் போதும் என்றாள். வந்து இறங்கிய இரண்டு நாளும் காற்றும் மழையும், படகே கிளம்பவில்லை. மூன்றாம் நாள்தான் கடல் அடங்கி, தூண்டில் போட்டபடியே திமிங்கலமும் பார்க்கலாம் என்ற இந்தப் படகு கிளம்பியது. மறுநாள் காலை எங்களுக்கு ஹூஸ்டன் விமானம். அன்று பார்த்தால்தான் உண்டு.

எனக்கு நீச்சல் தெரியாது. விடிந்ததும் ஓட்டல் அறை மேசையில், பர்ஸில் வைத்திருக்கும் பிள்ளையார் படத்தைச் சாய்த்து வைத்து, நான்கு வாழைப்பழம் படைத்து, கடல் இப்படியே இருக்கட்டும் என்று கும்பிட்டேன். பழத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏறும்போது தாடிக்காரர் ஏதோ கேட்டார். ‘பனானா’ என்பது மட்டும் காதில் விழுந்தது.

“யார்கிட்டயாவது பனானா இருக்கான்னு கேக்கறார்ப்பா,” என்றாள் மகள். “போட்ல இருந்தா பேட் லக்காம். மீனே கிடைக்காதாம்.”

மச்சினன் சிரித்தான். “நம்ம ஊர்ல அது இல்லாம நல்ல காரியமே கிடையாது. இங்க உல்டாவா?”

தாடிக்காரர் என் பையைப் பார்த்தார். இருக்கிறது என்று சொல்லத்தான் தலையை ஆட்டினேன், ஊரில் ஆட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்து. அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார். கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். பயணத்தையே நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

போகிற வழியில் கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தன. ஒன்று நெஞ்சின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை அதில் அடித்து உடைத்துத் தின்றது.

“தின்னு முடிச்சதும் கல்லை எங்க வெச்சுக்கும்?”

“கைக்கு அடியில லூஸ் ஸ்கின் இருக்குப்பா. லைக் எ பாக்கெட்.”

“ரெண்டு கைக்கும் பாக்கெட்டா?”

“அவளை மூச்சு விட விடுங்க,” என்றாள் மனைவி. நான் ஒன்பதாவதோடு நின்றவன். கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

தூண்டில் போட்டு மூன்று மணி நேரம் ஆனது. மனைவிக்கு மட்டும் தட்டு மாதிரி ஒரு சின்ன ஹாலிபட் மீன் மாட்டியது. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும், வளர வளர ஒரு கண் இந்தப் பக்கம் நகர்ந்து வந்துவிடும் என்றாள் மகள். நகரும்போது அதற்கு வலிக்குமா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தாடிக்காரர் அதைத் திரும்பக் கடலில் விட்டார்.

திமிங்கலம் வரவில்லை. மகள் கேமராவை மூடி உள்ளே வைத்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“பாப்பா, என் பையில நாலு பழம் இருக்கு.”

“அப்பா! ஆர் யூ சீரியஸ்?” அப்புறம் சிரித்துக்கொண்டே போய் அவரிடம் சொன்னாள். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கடலைக் காட்டினார்.

“சாமிக்குப் படைச்சது, தூக்கி வீசக் கூடாதுன்னு சொல்லும்மா.”

“அப்ப தின்னு தொலைப்போம்,” என்று மனைவி பையைப் பிடுங்கினாள். ஆளுக்கு ஒன்றாகத் தின்றோம். தாடிக்காரர் முதுகைக் காட்டி நின்றார்.

“தோல் இருந்தாலும் தோஷமா, மாமா?” என்றான் மச்சினன்.

“திமிங்கலத்துக்கு அதெல்லாம் தெரியாது,” என்றாள் மகள். “பெட் கட்டலாம்ப்பா. ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் நீங்க ட்வென்டி டாலர்ஸ் தரணும்.”

“வரலைன்னா?”

“ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவறேன்.”

தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் பந்தயம் கட்டியது அந்த ஒரு முறைதான்.

கரைக்குத் திரும்பும் வழியில் தாடிக்காரர் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார். பெரிய இட்லிப் பானையைத் திறந்ததுபோல் புஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளை ஆவி. கூடவே அழுகிய மீன் வாடை. கறுத்த முதுகு ஒன்று எழுந்து, நீண்டுகொண்டே போய், அமிழ்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, சின்னது. மகள் கேமராவை எடுக்கவே இல்லை, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் படகின் ஓரத்தில் நின்றிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

“எது வழியா மூச்சு விடுது?”

“தலைக்கு மேலதான் மூக்குப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு! ஃபார்ட்டி டாலர்ஸ்,” என்றாள்.

“குட்டிக்கு ஹாஃப் டிக்கெட்தானே? முப்பது குடுங்க மாமா.”

“அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட்டே கிடையாதுடா,” என்றாள் மனைவி.

தாடிக்காரரிடம் நியாயம் கேட்டாள் மகள். அவர் வாழைத்தோல் பையைப் பார்த்தபடி இரண்டு விரலைக் காட்டினார்.

தாய்க்கு உண்டானதை அன்று மாலையே கொடுத்துவிட்டேன். குட்டியின் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. கல்லூரியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், வைப்பதற்கு முன் கேட்கிறாள். மச்சினன் கணக்குப்படி பத்து டாலர் பாக்கி. அவள் கணக்குப்படி இருபது.