சாவகத்துச் சோறு

அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அஞ்சலை கப்பல் ஏறியிருப்பாளா?

மகளின் பல்வலிக்குக் கிராம்பு வைத்தேன். அந்த வாசனையில் பஞ்ச காலம் திரும்பி வந்தது. ஒல்லாந்தரின் கிடங்குகளில் இதே வாசனை. எங்கள் குப்பத்தில் அடுப்பு எரியவில்லை. ஒல்லாந்தர் பள்ளியில் சாவகம் என்னும் ஜாவாவைப் பற்றிப் படித்ததைப் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் அளந்தேன்.

"சாவகம் பெரிய தீவு நாடுடி. மலையே நெருப்பு கக்கும். சனங்க நம்மளாட்டம் சோறும் மீனுந்தான் துன்னும்."

"தெனமும் சோறா?"

"தெனமும்தான்."

அது பாடத்தில் இல்லை, நானே சேர்த்தது.

மறுவாரம் சாவகத்துக் கப்பலுக்கு அடிமை வாங்கும் தரகன் வந்தபோது அவளே எழுந்து போனாள். "அழுவாத நைனா, அங்க தெனமும் சோறு கீதாம்" என்று அப்பாவைத் தேற்றினாள். திரும்பவேயில்லை.

"இந்தக் கிராம்பு சாவகத்துலேந்து வந்துதாம்மா? அந்த ஊரு எப்டி இருக்கும்?" என்கிறாள் மகள்.

படிப்பவர்களே, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?