என் பெயரைப் பார்த்தவர்கள்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்தது எனக்கு. ஆதாரம் என் போனிலேயே இருக்கிறது. காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்... ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

என் பெயர் மணியன். மனதுக்குள்ளேயே வாசியுங்கள், சத்தமாக வேண்டாம். வடகவுஞ்சியில் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறேன். மலையிலிருந்து பூண்டு மூட்டைகளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. போன நவம்பரில் ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு, பெருமாள்மலையில் டீ குடித்துவிட்டு, காலி வண்டியோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிதான். பாதி வழியில் மேகம் இறங்கியது. எங்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அன்று வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. இடது பக்கம் பள்ளம். ஓரம் கட்டி, பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பொழுது போகவில்லை. எங்கள் வண்டிக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் அன்று ஒரே கூத்து. பழனிக்குமார்தான் ஆரம்பித்து வைத்தவன். அவனவன் தன் பெயரைப் போனில் தேடி, முதலில் வருவதைக் குரூப்பில் போட வேண்டுமாம். அவன் பெயருக்கு ஒரு வக்கீல் வந்திருந்தார். சக்திவேல் பெயருக்கு ஒரு ஜவுளிக்கடை. "மணியண்ணே, உங்களுக்கு என்ன வருது? வெரசா போடுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டான்.

குளிரில் விரல் மடங்கவில்லை. அதனால் டைப் அடிக்காமல், மைக்கை அமுக்கி வாய்விட்டுச் சொன்னேன். "மணியன், வடகவுஞ்சி." சொல்லும்போது லேசாக இருமலும் வந்தது.

அதைச் செய்திருக்கக் கூடாது. மேகம் இறங்கிவிட்டால் எங்கள் ஊர்க் காடுகளில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் "ஏலே"தான். மேகத்துக்குள் இருப்பது பெயரைக் கேட்டுவிட்டால் கூடவே வந்துவிடும் என்பார்கள். போனிடம் சொன்னாலும் அதற்குக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே ஒரு படம் வந்தது. முழுக்க வெள்ளை. நடுவில் மங்கலாக இரண்டு சிவப்பு விளக்குகள். ஏதோ ஒரு வண்டியின் பின்பக்கம். கீழே, "பார்த்தவர்கள்: 1."

எவனோ விளையாடுகிறான் என்று சிரித்துக்கொண்டே அந்த லிங்க்கைக் குரூப்பில் போட்டேன். "ஏலே, எவன்லே இதை எடுத்தது?"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தேன். பார்த்தவர்கள்: 5. படத்தில் வண்டி பெரிதாகியிருந்தது. நம்பரைப் படிக்க முடிந்தது. என் வண்டி நம்பர்.

சட்டென்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வெள்ளை மட்டும்தான்.

பார்த்தவர்கள்: 9. இப்போது தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சே தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருவர் திறக்கும்போதும் அது கொஞ்சம் நெருங்கி வருகிறது.

"யாரும் திறக்காதீங்கப்பா" என்று குரூப்பில் போட்டேன். திறக்காதே என்றால் சும்மா இருப்பார்களா? 14. லிங்க்கை அழித்தேன். சக்திவேல் அதற்குள் அதை ஊர்க் குரூப்புக்கு அனுப்பியிருந்தான். 31.

டக்...

வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. யாரோ ஏறியிருக்கிறார்கள்.

வண்டியை எடுக்கலாம். எங்கே எடுப்பது? ஓரடி தப்பினால் பள்ளம். இறங்கி ஓடலாம். எதற்குள் ஓடுவது? பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

"மணியன், வடகவுஞ்சி."

என் குரல். அதே இருமலோடு. முதுகுக்குப் பின்னாலிருந்து.

போனைப் பார்த்தேன்.

58.

பிறகு, என் பக்கத்துக் கதவருகில்... "மணியன்... கதவத் தெறங்க. நாந்தான்."

என் மனைவி ராஜகுமாரியின் குரல்!

கை தானாகக் கதவுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். ராஜகுமாரி ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்வாள். "ஏங்க", "இந்தாங்க". அவ்வளவுதான்.

கையை எடுத்தேன்.

"மணியன்..."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மணியன்..."

ஐந்தேகாலுக்கு ஒரு பஸ் ஹாரன் கேட்டது. கண்ணைத் திறந்தேன். மேகம் விலகியிருந்தது. அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். இறங்கும்போது பார்த்தேன். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில், வெளிப்புறம், வாயை வைத்து ஊதிய அளவில் ஒரு ஈர வட்டம். காயவே இல்லை.

வாசலில் ராஜகுமாரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, புதுசா வெளையாட்டு? போன் போட்டு எம்பேரக் கேக்குறீங்க?"

"நானா? எப்ப?"

"அஞ்சு மணிக்கு. உம்பேரு என்ன, உம்பேரு என்னன்னு. இருமிக்கிட்டே."

"சொல்லிட்டியா?"

"சொல்லாம? ஊரோட சேத்தே சொன்னேன். மூஞ்சி ஏங்க இப்பிடி வெளுத்துக் கெடக்கு?"

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மணிக்கு என் எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. என் போனிலிருந்து அப்படி ஒரு அழைப்பே போகவில்லை. அந்த நேரம் எங்கள் வீட்டைச் சுற்றியும் மேகம்தான் என்றாள்.

அன்று இரவு எனக்கு ஒரு லிங்க் வந்தது. எனக்கு மட்டும். அனுப்பியது யார் என்று இல்லை. "ராஜகுமாரி, வடகவுஞ்சி" என்று மட்டும் இருந்தது.

திறக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எப்படித் தூங்குவது?

திறந்தேன்.

முழுக்க வெள்ளை. வெகு தூரத்தில் மங்கலாக ஒரு விளக்கு. எங்கள் வீட்டு வாசல் விளக்கு.

அதற்குப் பிறகு இன்றுவரை நான் அதைத் திறக்கவில்லை. யாருக்கும் காட்டவும் மாட்டேன்.

பார்த்தவர்கள்: 1.

அந்த ஒருவர் நான்தான்.