இலவசமாய்ப் போட்டுக் கொடுத்த லினக்ஸ்

"இலவசம்க்கா, வைரஸ் வராது!" என்று பேசிப் பேசியே, மேனாம்பேட்டில் ஸ்டெல்லா அக்காவின் போஸ்டர் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டேன். கடை கடையாகத் திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் வெறி எனக்கு.

மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அப்பாவை இழந்த ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக நின்றிருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு எடுத்துடுவாங்க, சீக்கிரம்மா."

அக்கா பழைய மாதிரியைத் திறந்தார். தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். அவர் வருஷக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்களை நான்தான் அழித்திருந்தேன். பழகிய தமிழ் விசைப்பலகையும் போயிருந்ததால், புதிதாக அடிக்கவும் அவருக்கு வரவில்லை.

"இன்னாம்மா, இன்னும் ஆவலியா?" வந்தவர் கத்தினார்.

"என் தப்புதாண்ணே" என்ற அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மார்க்கரை எடுத்து, வெள்ளை சார்ட்டில் பெயரைக் கையாலேயே கீச்கீச்சென்று எழுதினார்.

இன்றும் கடை கடையாகப் போகிறேன். 'இலவசம்' என்று சொல்ல வாயெடுத்தால் மட்டும் அந்த மார்க்கரின் கீச்சொலி கேட்கிறது.