ஐந்து சேலைகளுக்கு ஓர் ஒப்பந்தம்

தாலுகா கச்சேரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை அணா முத்திரை வில்லை ஒட்ட வேண்டும், எந்தக் காகிதம் யார் மேஜைக்குப் போய் யார் மேஜைக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. அதனால் நன்றாகத் தூங்குகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ராசிபுரத்தில் வேலையாக இருந்தபோது, என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜேடர்பாளையத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லாத குடும்பம், சம்பளத்தில் வெட்டு விழுந்திருந்த காலம். பந்தல், சமையல், மாட்டுவண்டி வாடகை என்று ஒவ்வொன்றிலும் எங்கே நாலணா மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தங்கை எதையும் கேட்கிறவள் இல்லை. பெரியப்பா மகள்கள் உடுத்திக் கழித்த பாவாடைகளைத் தைத்துத் தைத்து உடுத்தியே வளர்ந்தவள். தெருவில் போனால், "இது அவ பாவாடைதானே?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, முகூர்த்தச் சீலை மட்டும் எனக்குன்னே நெய்ஞ்சதா இருக்கோணும். வேற யாரும் கட்டாததா."

"ஆகட்டும்" என்றேன். கச்சேரியில் நான் அன்றாடம் சொல்லும் வார்த்தை அது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

சேலத்துக் கடைகளில் அப்போது ஜப்பான் பட்டு குவிந்து கிடந்தது. பளபளவென்று இருக்கும், விலையும் கொள்ளை மலிவு. இரண்டு தடவை வெளுத்தால் வலையாகிவிடும் என்றார்கள். எனக்கோ மலிவும் வேண்டும், உள்ளூர்க்காரனிடம் வாங்கினேன் என்கிற பெருமையும் வேண்டும். ஆகவே முறைப்படி நெசவாளர் தெருவில் மூன்று வீடுகளில் விலை கேட்டேன். மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒப்பிட்டு, குறைந்த விலை சொன்னவர் வீட்டுக்குப் போனேன்.

புருஷன், பெண்சாதி இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு. ஒரே தறி. ஜப்பான் சரக்கு வந்த பிறகு முதலாளிகள் நூல் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு மாதமாகத் தறியில் துணி இல்லை. கால் வைத்து மிதிக்கும் தறிக் குழிக்குள் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. நெசவாளருக்கு நாற்பது வயது இருக்கும். வார்த்தைகளை எடைபோட்டுப் பேசுகிறவர். அந்த அம்மாள் எடைபோடாமல் பேசுவார்.

பருத்திச் சேலை, பட்டுக்கரை, அரக்கு நிறம் என்று சொல்லி, இன்னும் விலை குறையுமா என்று கேட்டேன்.

"ஒண்ணுக்குன்னா குறையாதுங்க" என்றார் நெசவாளர். "பாவு நூலுக்குச் சாயம் ஏத்தோணும், தெருவுல நீட்டிக் கஞ்சி போடோணும், தறியில ஒவ்வொரு இழையா முடியோணும். ஒரு சீலைக்கும் அதே பாடுதானுங்க, அஞ்சு சீலைக்கும் அதே பாடுதானுங்க. அஞ்சா எடுத்தீங்கன்னா சீலைக்கு ரெண்டு ரூவா குறைச்சுக்கலாம்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாது.

மறுநாளே கச்சேரியில் பேசி நாலு பேரைச் சேர்த்தேன். தலைமைக் குமாஸ்தா, அவருக்குக் கீழே மூன்று குமாஸ்தாக்கள். நாலு பேருக்கும் மனைவிமார் உண்டு, நாலு பேருக்கும் இரண்டு ரூபாய் மிச்சம் என்றால் பிடிக்கும். ஆனால் பங்கு என்று வந்துவிட்டால் சந்தேகமும் வரும். 'உனக்கு நல்லது, எனக்கு மட்டமா' என்று நாளை ஒருவர் கேட்கக் கூடாது. எனவே ஒப்பந்தம் எழுதினேன். எட்டு ஷரத்துகள். ஐந்து சேலைகளும் ஒரே பாவில், ஒரே நீள அகலத்தில், ஒரே கரையில் இருக்க வேண்டும். பாவின் நிறம் அரக்கு. ஒன்றுக்கொன்று கூடுதல் குறைவு கூடாது. எந்த முகாந்திரத்தைக் கொண்டும் பேசிய விலைக்கு மேல் செல்லாது. மாற்றம் செய்வதானால் ஐவரும் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். வில்லை ஒட்டி, ஐந்து பேரும் கையெழுத்திட்டு, நெசவாளரிடமும் வாங்கிக்கொண்டேன். அவர் பெயரை மெதுவாக எழுதி முடித்து, பேனாவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்று வயிறு நிறைந்துவிட்டது. ஓர் ஓட்டை இல்லாத காகிதம்.

சேலை கேட்டவளை மட்டும் நான் எதுவும் கேட்கவில்லை. பயனாளியைக் கேட்கும் வழக்கம் கச்சேரியில் இல்லை.

கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது நெசவாளர் நாலு சேலைகளை மடித்துத் துணியில் சுற்றிக் கச்சேரிக்கே கொண்டுவந்தார். ஐந்தாவது, என் தங்கையுடையது, இனிமேல்தான் தறியில் ஓட வேண்டும் என்றார். நாலையும் தலைமைக் குமாஸ்தாவின் மேஜை மேல் பரப்பினோம். இழைக்கு இழை வித்தியாசமில்லை. அச்சடித்த நமூனாப் படிவங்கள் மாதிரி கிடந்தன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"பேஷ்" என்றார் தலைமைக் குமாஸ்தா. "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்க ஊட்டுல இதைத்தான் கட்டிக்கிட்டு வரப்போறாங்க."

"எங்க ஊட்டுலயும்" என்றார் இன்னொருவர்.

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணவறையில் ஒருத்தி, எதிரே ஜமக்காளத்தில் நாலு பேர், ஐந்து பேரும் ஒரே சேலையில். அதுவும் நானே ஷரத்து போட்டு ஏற்பாடு செய்தது.

தலைமைக் குமாஸ்தாவைத் தனியாகப் பார்த்து, அம்மாள் கல்யாணத்தன்று வேறு சேலை கட்டி வந்தால் நன்றாக இருக்கும் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"ஏம்ப்பா, புதுசு பொட்டியில இருக்கப் பழசைக் கட்டிக்கிட்டு வரச் சொல்றியா? மேலதிகாரி சம்சாரத்துக்கு நீ பண்ற மரியாதையா அது?"

"இல்லைங்க, மணப்பெண்ணுக்கும் அதே சேலையாப் போச்சுங்க."

"அப்ப ஐவரும் எழுத்து மூலம் சம்மதிக்கட்டும். ஆறாவது ஷரத்து" என்று என் காகிதத்தையே எனக்குச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். மற்ற மூவரில் ஒருவர், மாற்றினால் இரண்டு ரூபாய்ச் சலுகை போய்விடுமே என்று கவலைப்பட்டார். இன்னொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தப் பதில் எந்தக் காலத்தில் வரும் என்பது எனக்குத் தெரிந்த நடைமுறை.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். முறத்தில் துவரம்பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுமே ஒண்ணா அண்ணா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் பொறுக்கினாள். "பரவாயில்லண்ணா. எனக்குப் பழக்கந்தானே" என்றாள்.

கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபிக்காதவளுக்குச் சொல்ல என்னிடம் படிவம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நெசவாளர் தெருவுக்கு நடந்தேன்.

நெசவாளர் தறியில் இல்லை. வாசலில் உட்கார்ந்து தறியின் விழுதுக் கயிறு ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய், மூங்கில் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்த என் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார்.

"ஏனுங்க, இதுல கையெழுத்துப் போட்டிருக்கனுங்களே. எல்லாம் ஒண்ணா இருக்கோணும்னு நீங்கதான எழுதுனீங்க? நாளைக்கு அந்த நாலு பேரும் என்னைக் கச்சேரிக்கு இழுத்தா நான் என்னங்க பண்றது?"

"நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீங்களும் அதே கச்சேரிதானுங்களே" என்றார்.

உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாள் வெளியே வந்தார். "அதைக் கொஞ்சம் படிச்சுத்தான் காட்டுங்களேன் சாமி. அப்படி என்னதான் எழுதியிருக்குதுன்னு நானும் கேக்கறேன்."

என் ஷரத்துகளை நானே சத்தமாகப் படித்தேன். எழுதும்போது இருந்த கம்பீரம் படிக்கும்போது இல்லை. எட்டும் முடிந்ததும் அவர் கேட்டார்: "பாவுக்கு எழுதியிருக்கறீங்க. கரைக்கு எழுதியிருக்கறீங்க. ஊடையைப் பத்தி எங்கீங்க?"

"ஊடையா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏஞ்சாமி, நீட்டுக்கு மட்டும் நூல் இருந்தா அது சீலையா, திரியா? குறுக்க ஓடறதுதான் ஊடை. பாவு அரக்கா இருக்கட்டும். ஊடையை மஞ்சளா ஓட்டினா சீலையே வேற நெறமா எந்திரிச்சு வந்துரும். கரை அப்படியே இருக்கும், நீளம் அப்படியே இருக்கும். உங்க எழுத்துக்கு ஒரு கொறையும் வராது."

ஓட்டை இல்லாத காகிதம் என்று நினைத்தேன் அல்லவா? அதில் ஒரு சேலையே நுழைந்து வெளியே வரும் அளவு ஓட்டை இருந்தது. என் வாழ்நாளில் என் அறியாமைக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

நெசவாளர் மட்டும் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சாயம் போட்டுக் காயவைக்க வேண்டும், பிறகு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்ற வேண்டும், நெய்ய மூன்று நாள் வேண்டும். நடுவில் அமாவாசை வருகிறது.

"அமாவாசை அன்றைக்குக் கொஞ்சம்" என்று ஆரம்பித்தேன்.

"அது மட்டும் கேக்காதீங்க. அன்னைக்குத் தறியில கால் வெக்க மாட்டமுங்க. சீலை கண்ணாலத்துக்கு முந்துன நாள் சாயங்காலம் உங்க ஊட்டுக்கு வந்துரும்."

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நாலு சேலையை ஒரே மூச்சில் நெய்தவர்கள் ஐந்தாவதைத் தொடாமல் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டேன்.

"இவதானுங்க விடலை" என்றார் நெசவாளர்.

"கண்ணாலப் பொண்ணுக்கும் கச்சேரிக்காரர் ஊட்டம்மாளுக்கும் ஒரே சீலையா? யாருக்காச்சும் புத்தி வரும், வந்து கேப்பாங்கன்னு பாத்தேன். நீங்க வரலீன்னா நாளைக்கு நானே உங்க ஊட்டுக்கு வந்து பொண்ணைக் கேட்டிருப்பேன். அதுக்கு என்ன நெறம் புடிக்கும்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

தெரியாது. மறுநாள் காலையில் அந்த அம்மாளே வந்து கேட்டுப் போனார். தங்கை மஞ்சள்தான் என்று சொன்னாளாம். அதை அவளிடம் கேட்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்று முழுக்க அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் பொழுது சாய்வதற்கு முன்னால் சேலை வந்தது. பழுத்த பனம்பழச் சதையின் நிறம். மடிப்பை அசைத்தால் உள்ளே மஞ்சள் ஓடி அரக்கில் மறைந்தது. தங்கை விரித்துப் பார்த்தாள். முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். புதுக் கஞ்சி வாசனை அவ்வளவு நல்ல வாசனையா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்தில் நாலு அரக்குச் சேலைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. டவாலிச் சேவகர்களுக்கு உடுப்பு வழங்கிய மாதிரி இருந்தது. மணவறையில் இருந்தவளை மட்டும் வந்தவர்களெல்லாம் இரண்டு தடவை பார்த்தார்கள். தலைமைக் குமாஸ்தா என்னைத் தூணருகே இழுத்தார்.

"அதே கரை. ஆனா நெறம் வேற. இது ஒப்பந்த மீறல் இல்லையா?"

"எந்த ஷரத்துங்க?" என்றேன்.

அவர் நன்றாகப் படித்தவர். மனசுக்குள் எட்டையும் ஓட்டிப் பார்த்தார். "அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் அப்படி நெய்யலை?"

"நீங்கள் கேட்கவில்லையே. அதோ நெய்தவர்களே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேளுங்கள்."

அவர் கேட்டாரோ இல்லையோ, அவர் மனைவி கேட்டுவிட்டார். அடுத்த வாரம் நாலு அம்மாள்களும் சேர்ந்து நெசவாளர் தெருவுக்குப் போனார்கள். ஒரே பாவு, நாலு ஊடை. அவர்கள் சொல்லி இன்னும் பலர் போனார்கள். பொங்கல் வரைக்கும் அந்தத் தறிக் குழியில் கோழிக்கு இடமில்லை.

சாயத்துக்கும் புது நூலுக்கும் ஆன செலவைக் கொடுக்கப் போனேன். நெசவாளர் கையை நீட்டவில்லை.

"பேசுன வெலைக்கு மேல செல்லாதுன்னு எழுதியிருக்குதுங்க."

"நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தானே கொடுக்கிறேன்?"

"எந்த முகாந்திரத்தைக் கொண்டும்னு எழுதியிருக்குதுங்களே. படிச்சுக் காட்டுனீங்கள்ல."

அந்த அம்மாள் ராட்டையை நிறுத்தாமலே, "குடுக்கோணும்னு தோணுச்சுன்னா இன்னொரு துணி சொல்லுங்க சாமி. எழுத்து கிழுத்து இல்லாம" என்றார்.

நன்றி சொல்வதற்கு எந்தக் கையேட்டிலும் விதி கிடையாது. வேறு இரண்டு வீட்டில் விலை கேட்காமல், பேரம் பேசாமல், காகிதம் எடுக்காமல், எனக்கு ஒரு வேட்டி நெய்யச் சொன்னேன். விலைகூடக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். நியாயமான விலை. குறைக்கச் சொல்ல அதில் ஒன்றுமே இல்லாதது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.