மடித்துக் கொடுத்தவர்

ஜெயலெட்சுமி அக்காவின் கையெழுத்தை வாசிப்பதற்குள் கண்ணே போய்விடும். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி கடை வைத்து டைப்பிங்கும் செய்கிற நான், டாக்டர்மார் கிறுக்குவதைக்கூட வாசித்துவிடுவேன். இது அதற்கும் மேலே.

அக்கா நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக இருந்தவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தியவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கணவர் அழகையா இறந்த பிறகு தனி ஆள். தோட்டத்துச் சுகாதார ஊழியர்களுக்காகச் சில டாக்டர்மார் ஒரு மருத்துவக் கையேடு தயாரிக்கிறார்கள். எந்த நோய் எதனால் வரக்கூடும் என்பதைச் சனங்களுக்கு விளங்குகிற தமிழில் எழுத அக்காவைக் கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் தாள்களோடு வந்துவிடுவார். வேலை முடிந்தாலும் எழும்ப மாட்டார். ஒரு பஸ்ஸை விடுவார், அடுத்ததையும் விடுவார். வீட்டில் பேச ஆளில்லை என்று தெரிந்தும் சில நாள் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு செவ்வாய் கொண்டுவந்தது வாய்ப்புற்றுநோய் பற்றிய தாள். புகையிலை, பாக்கு, சிகரெட், சாராயம் என்று அடித்துக்கொண்டே போனேன். கடைசி வரியில் கை நின்றது. ‘மனைவி தினமும் மடித்துக் கொடுப்பது.’

“என்னக்கா இது? டாக்டர்மார் சிரிக்கப் போறாங்க.”

“சிரிக்கட்டும். நீ அடி.”

“வெட்டிருவாங்க, பாருங்க.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “அவரு காலைல வேலைக்குப் பேரு கொடுக்கப் பெரட்டுக்குக் கெளம்புறப்ப நாந்தான் வெத்தில மடிச்சுக் கொடுப்பேன். பொயில வச்சு, நாலு சுருள். கன்னத்துல புண்ணு வந்து கிளினிக் போனப்ப, கெட்ட பழக்கம் ஏதும் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். குடி இல்லைங்க, சிகரெட் இல்லைங்க, தங்கமான மனுசன்னு பெருமையா சொன்னேன், நஸ்மியா.”

“வெத்திலயச் சொல்லல்லையா?”

“சாமிக்கு வைக்கிறத, கல்யாணத் தட்டுல வைக்கிறத, யாரு கெட்ட பழக்கம்னு நெனப்பா? படிச்சவ நானே நெனக்கல. விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் கழிச்சுக் கண்டுபிடிச்சப்ப முத்திப் போச்சு.”

யா அல்லாஹ்! பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தேன், அவர் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டர்மாரிடமிருந்து தாள் கடைக்கே திரும்பி வந்தது. நான் சொன்ன மாதிரியே அந்த வரியில் சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘இது நோய்க் காரணி அல்ல’ என்று குறிப்பு. அக்கா சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தேன். “அவங்க சொல்றதும் சரிதான்,” என்றார். பிறகு, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் கீழே சேர்க்கச் சொன்னார். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

‘கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்காதீர்கள். வெற்றிலை போடுவாரா, புகையிலை வைப்பாரா என்று கேளுங்கள். வீட்டில் மடித்துக் கொடுப்பவரிடமும் கேளுங்கள். இல்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள்.’

இதை அவர்கள் வெட்டவில்லை. ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள். சந்தோஷமாகத்தான் அந்தச் செய்தியை அக்காவிடம் சொன்னேன்.

“அன்னைக்கு என்னைய இன்னொரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், இல்ல?”

“சொல்லியிருப்பீங்கக்கா,” என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

“அப்ப அவரு இருந்திருப்பாரு,” என்று சொல்லிவிட்டு, கடையில் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல் அக்கா வாய்விட்டு அழுதார்.