விண்கலத்தில் ஏறிய புல்லுருவி

மயில்துத்தம் கலந்த பைண்டிங் பசையும் கரப்பானும் சேர்ந்த ஒரு வாடை, அந்தத் தடிப் புத்தகத்தைத் திறந்ததுமே மூக்கில் ஏறிச் சாப்பாட்டு வேளை வரை கூடவே வந்தது. எழுபதுகளின் நடுவில், லஸ் பக்கத்து வாடகை நூலகத்திலிருந்து அக்கா வசந்தா அதைக் கொண்டுவந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துப் பழைய புராணம். அங்கே ஓநாய் சூரியனை விழுங்கும், உலகமே முடியும், அது முன்கூட்டியே தெரிந்தும் தெய்வங்கள் சண்டைக்குக் கிளம்பும். அக்கா படித்துச் சொல்லச் சொல்ல நான் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அவளோ தன் தொடருக்குக் கதை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

அபிராமபுரத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு "கையெழுத்துப் பத்திரிகை" இருந்தது. ஒரு நோட்டில் எழுதிய ஒரே பிரதி, வீட்டுக்கு ஒரு நாள் என்று சுற்றி வரும். அதில் அக்கா எழுதும் விண்வெளித் தொடருக்குக் கதாநாயகன் பெயரைத் தெருக்காரர்கள் பெயர்களிலிருந்து "சீட்டுக் குலுக்கி"த்தான் எடுப்போம். அந்த முறை நான் எடுத்த சீட்டில் எதிர்வீட்டு ரகு அண்ணாவின் பெயர் இருந்தது.

புராணத்தில் பால்டர் என்று ஒரு செல்லத் தெய்வம். அவனுக்குச் சாவு வருவதாகக் கனவு வந்ததும், அவன் தாய் கல், இரும்பு, நோய், நெருப்பு எல்லாவற்றிடமும் அவனைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்குகிறாள். மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியை மட்டும், சின்னதுதானே என்று விட்டுவிடுகிறாள். அதுவே அவனைக் கொல்கிறது. அக்கா இதை அப்படியே விண்கலத்தில் ஏற்றினாள். கேப்டன் ரகுவுக்கு எல்லா இயந்திரங்களும் சத்தியம் செய்ய, ஒரே ஒரு திருகாணியை மட்டும் யாரும் கேட்காமல் விட்டார்கள் என்று எழுதி, "தொடரும்" போட்டாள்.

தெருவே பரபரத்தது. ரகு அண்ணாவின் அம்மா, பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி, மட்டும் முகம் வெளிறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகன், சரக்குக் கப்பலில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் கிளம்ப இருந்தான்.

"கதைன்னு தெரியறதுடி வசந்தா. ஆனா அவன் கப்பலேறப் போறான், மனசு கேக்கமாட்டேங்கறது. பேரை மட்டும் மாத்திடேன்."

அக்கா தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சாவதற்கென்று எந்தப் பெயரை எழுதப் போனாலும் அந்த வீட்டில் ஒரு அம்மா இருந்தாள். இல்லாத பெயரை இட்டுக்கட்டு என்றேன். அது வாசகர்களை ஏமாற்றுவது என்று மறுத்துவிட்டாள். கேப்டன் ரகு விடுப்பில் பூமிக்குத் திரும்பினார், அவருக்குப் பதில் கேப்டன் வசந்தா பொறுப்பேற்று அந்தத் திருகாணியால் செத்தாள் என்று எழுதினாள். நம் வீட்டிலும் அம்மா இருக்கிறாளே என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு இதெல்லாம் படிக்க ஏது நேரம்" என்றாள் சிரித்துக்கொண்டே.

இதழ் சுற்றுக்கு வந்தபோது ரகு அண்ணா கப்பலேறியிருந்தார். மாமி படித்துவிட்டுக் கல்கண்டு கொடுத்தனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, ஆஸ்பத்திரி, வேண்டுதல் எல்லாம் பார்த்தும் மூன்றாவது வாரம் போய்விட்டாள். காமாலைக்கு யாருடைய கதையும் தெரியாது என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். ஆனாலும் அந்த நோட்டைத் தொட அன்று பயந்து செத்தேன். மாமி தினமும் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். பிறகு ஒருநாள் நோட்டைக் காணவில்லை.

பத்திரிகை அத்தோடு நின்றது. நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன மாதம் அடையாறில் ஒரு கல்யாணத்தில் ரகு அண்ணாவைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், மாமி காலமாகி வெகுகாலம். பக்கத்தில் பேரன் ஃபோனில் ஏதோ விளையாட்டில் மூழ்கியிருந்தான். சூரியனை விழுங்கும் அதே ஓநாய் அதில் விண்கலங்களைத் துரத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

"உங்கக்கா எழுதினாளே, அந்தக் கேப்டன் ரகு என்ன ஆனான்? நான் படிக்கவே இல்ல. அம்மாவும் கடைசிவரைக்கும் சொல்லல."

"அக்கா காப்பாத்திட்டா அண்ணா" என்றேன்.